உயிரணுவுக்கு ஊட்டியவர்கள்

உயிரணு சாஸ்திரத்தின் சரித்திரம் பெரும்பாலும் பெயர்களின் வரிசையாகவே நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 1665-இல் தக்கைச் சீவலில் சிறு சிறு அறைகளைக் கண்ட ராபர்ட் ஹூக்கில் தொடங்கி, 1838-இலும் 1839-இலும் தாவரமும் பிராணியும் உயிரணுக்களாலேயே ஆனவை என்று அடுத்தடுத்து எழுதிய ஷ்லைடன், ஷ்வான் ஆகியோர் வழியாக, உயிரணு இரண்டாகப் பிரியும் விதத்தைச் சாயமேற்றி விளக்கி 1882-இல் நூல் வெளியிட்ட ஃப்ளெமிங் வரையில் அந்த வரிசை ஒழுங்காக வந்து சேரும். இவர்களுடைய பெருமையில் எனக்கு யாதொரு ஐயமும் இல்லை. ஆயினும் இவர்கள் ஆராய்ந்தவை பெரும்பாலும் இறந்தவை, அல்லது இறந்துகொண்டிருந்தவை. உயிரணுவை உடம்பிலிருந்து பிரித்துக் கண்ணாடிக்குள் குடியேற்றி, நாள்தோறும் உணவு கொடுத்து, மாதக்கணக்கில் உயிரோடு வைத்துக்கொள்வது என்ற தொழில் இருபதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது. அது பிறந்தபோது அதுவரையில் ஆராய்ச்சிசாலையில் அதிகம் தேவைப்படாதிருந்த ஒரு ஜனசமூகமும் சர்வகலாசாலை வாசலுக்குள் நுழைந்தது. புட்டி கழுவுகிறவர், ரத்தம் சேகரித்து வருகிறவர், ஊட்டக் கரைசல் கலக்குகிறவர், குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிறவர், திசுவைத் துணுக்குகளாக நறுக்குகிறவர் என்று பலதரப்பட்ட அந்த ஜனங்களின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வந்தால் கடைசியில் நன்றி கூறும் வரியில் வரும். பல சமயம் அங்கேயும் வராது. அவர்களைப் பற்றியே இங்கே எழுத நினைக்கிறேன். பேராசிரியர்களை அடியோடு விலக்கிவிட்டு இதை எழுத இயலாதாகையால் அவர்களும் இடையிடையே வந்துபோவார்கள்.

தொழிலின் தொடக்கம் மிகவும் எளியது. நரம்பிழை எங்கிருந்து முளைக்கிறது என்பது அக்காலத்தில் தீராத விவகாரமாக இருந்தது. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் உடற்கூற்றியல் கற்பித்துவந்த ராஸ் ஹாரிஸன் 1907-இல் அதற்கு முடிவு காண விரும்பித் தவளைக் கருவின் நரம்புக் குழலிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்தார். அதை வளர்ந்த தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் இட்டு, துளி உறைந்ததும் அதைத் தாங்கிய மெல்லிய தகட்டைக் குழிவுள்ள கண்ணாடியின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, ஓரங்களை மெழுகால் அடைத்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் காத்திருந்தார். நரம்பணுவிலிருந்து இழை புறப்பட்டு நீண்டு செல்வதை அவர் கண்ணாரக் கண்டார். கேள்விக்கு விடை கிடைத்தது. அதே வருஷத்தில் யேல் சர்வகலாசாலைக்குப் போனவர் பிறகு இம்முறையில் பெரிய அக்கறை காட்டவில்லை. ஒரு மனிதர், ஒரு மேஜை, ஒரு துளி என்று முடிந்த காரியமாதலால் பணியாளர் கூட்டத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

கூட்டம் சேர்ந்தது நியூயார்க்கில், ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில். பிற்காலத்தில் அதுவும் சர்வகலாசாலை ஆகிவிட்டது. அங்கிருந்த பிரெஞ்சு சர்ஜன் அலெக்ஸிஸ் காரெல், 1910-இல் தம் சகாவான மான்ட்ரோஸ் பரோஸ் என்பவரை ஹாரிஸனிடம் அனுப்பி அவ்வித்தையைக் கற்றுவரச் செய்தார். பரோஸ் தவளை நிணநீருக்குப் பதிலாகக் கோழி ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பயன்படுத்தி, உஷ்ண ரத்தப் பிராணிகளின் திசுவையும் வளர்க்க முடியும் என்று காட்டினார். 1912 ஜனவரி 17-ஆம் தேதி கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கைக் காரெல் வளர்க்கத் தொடங்கினார். அதே வருஷம் ரத்தக் குழாய்களைத் தைக்கும் முறைக்காக அவருக்கு நோபல் பரிசும் வந்தது. அதன்பிறகு அந்தக் கோழி இதயம் சாவதே இல்லை என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. வருஷந்தோறும் ஜனவரி மாதத்தில் நியூயார்க் பத்திரிகையாளர்கள் அதற்குப் பிறந்தநாள் கொண்டாடும் அளவுக்கு அது பிரசித்தி பெற்றது.

காரெலின் ஆராய்ச்சிசாலையில் பணியாளர்கள் தலையை மூடும் முக்காட்டோடு கூடிய கறுப்பு அங்கி அணிந்தே வேலை செய்யவேண்டும். வெள்ளைத் துணியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் நியாயமானதே, ஆனால் பார்க்க வந்தவர்களின் மனத்தில் அது ஏதோ மந்திர வித்தை நடக்கும் இடம் என்ற எண்ணத்தையே பதித்தது. மற்ற சர்வகலாசாலைகளில் திசு வளர்க்க முயன்று தோற்றவர்கள், தங்களுக்கு அந்த அளவுக்குச் சிரத்தை போதவில்லை என்று தங்களையே நொந்துகொண்டார்கள். கோழி இதயத்துக்கு உண்மையில் ஊட்டி வந்தவர் காரெலின் உதவியாளரான ஆல்பர்ட் ஈபலிங். பழைய துணுக்கைப் பாதியாக வெட்டி, உப்புக் கரைசலில் அலம்பி, புதிய பிளாஸ்மாவில் பதித்து, கோழிக் கருவை அரைத்துப் பிழிந்த சாற்றைச் சேர்த்து மீண்டும் மூடிவைக்கும் வேலை வருஷம் முழுவதும் ஓயாமல் நடந்தது. காரெல் 1944-இல் காலமானார்; ஈபலிங் அத்திசுவை 1946 வரையில் காப்பாற்றிப் பிறகு தாமாகவே நிறுத்தினார்.

1961-இல் ஃபிலடெல்பியாவில் லெனார்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் என்ற இருவர், சாதாரணமான மனித உயிரணு சுமார் ஐம்பது தடவை பிரிந்ததும் நின்றுபோகிறது என்று நிரூபித்தபோது, சாகாத கோழி இதயம் சங்கடமான விஷயமாகிவிட்டது. உணவாக ஊற்றிய கருச்சாற்றிலேயே உயிருள்ள புதிய அணுக்கள் கலந்து போயிருக்கவேண்டும் என்பது இன்று பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். முப்பத்துநான்கு வருஷகாலம் ஊட்டியவர்களின் கையே, யாரும் அறியாமல், ஊட்டப்பட்டதையும் புதுப்பித்துக்கொண்டிருந்தது. எஜமானரின் கீர்த்தி ஒரு திசுத் துணுக்கின் ஆயுளோடு பிணைந்துவிட்ட இடத்தில், அந்தத் துணுக்கு செத்துவிட்டதோ என்று சந்தேகிப்பது பணியாளருக்குச் சுலபமான காரியம் அல்ல என்பதையும் சரித்திரம் எழுதுகிறவர்கள் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நான் விரும்பி நெடுநேரம் நிற்க நினைக்கும் இடம் மறுபடியும் பால்டிமோர்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் திசு வளர்ப்பு ஆராய்ச்சிசாலையை நடத்திய ஜார்ஜ் கை 1899-இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்புச் செலவுக்காகத் தச்சு வேலையும் கொத்து வேலையும் செய்தவர். பணம் தீர்ந்தபோதெல்லாம் படிப்பை நிறுத்திச் சம்பாதிக்கப் போனதால் வைத்தியப் பட்டம் பெற அவருக்கு ஏறத்தாழ எட்டு வருஷங்கள் ஆயின. அந்தக் கைத்தொழில் அறிவுதான் அவருடைய ஆராய்ச்சிசாலையைக் கட்டியது. பழைய சாமான் கடையில் கிடைத்த தகரத்தையும் இரும்பையும் கொண்டு உபகரணங்கள் செய்தார். சோதனைக் குழாய்களைச் செருகுவதற்கு வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு பெரிய உருளையைச் செய்து, இரவும் பகலும் அது மிக மெதுவாகச் சுழலும்படி அமைத்தார். உடம்புக்குள் திரவங்கள் ஓயாமல் அசைகின்றன, ஆகவே உயிரணுவைச் சுற்றியுள்ள திரவமும் அசையவேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1933-இல் வெளியான அந்த உருளை முறை பிறகு உலகமெங்கும் பரவியது. ஆராய்ச்சிசாலையில் கருவி செய்கிறவனுக்கு உள்ள இடத்தை நினைக்கும்போது ராக்பெல்லர் கழகத்துப் பட்டறையில் வேலை செய்த ஜோஸப் பிளம் என்பவரும் நினைவுக்கு வருகிறார். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வேண்டிய மிக மெல்லிய சீவல்களை வெட்டும் யந்திரத்தைக் கீத் போர்ட்டர் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து அவர் அமைத்தார். 1953-இல் இருவர் பெயராலும் கட்டுரை வந்தது. யந்திரமும் போர்ட்டர்-பிளம் என்றே வழங்கிற்று. பட்டறைக்காரர் பெயர் பேராசிரியர் பெயரோடு சமமாக ஒட்டிக்கொண்டது அபூர்வம். அதனால்தான் இங்கே அதைக் குறிப்பிடுகிறேன்.

பால்டிமோர் ஆராய்ச்சிசாலையைக் கட்டியவர் ஜார்ஜ் கை, நடத்தியவர் அவருடைய மனைவி மார்கரெட். அவர் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். பெனிசிலின் முதலிய மருந்துகள் ஆராய்ச்சிசாலைக்கு வந்துசேராத அந்த நாளில், காற்றில் மிதக்கும் ஒரு கிருமி குழாய்க்குள் விழுந்தால் போதும், வாரக்கணக்கான உழைப்பு ஓர் இரவில் கலங்கிய நீராகிவிடும். ஆகவே சர்ஜனின் மேஜையைச் சுற்றி அனுஷ்டிக்கப்பட்ட சுத்த நியமங்களை மார்கரெட் அப்படியே உயிரணுவின் மேஜைக்குக் கொண்டுவந்தார். நம்முடைய பழைய வீடுகளில் மடியாகச் சமைக்கிற பாட்டிமார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, தொட்டுவிட்டால் மறுபடியும் எங்கிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று வைத்திருந்த விதிகளைப் போலவே, அங்கே முகமூடி, தலைத்துணி, கையலம்பல், ஜ்வாலையில் காட்டிய கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருந்தது. மனைவியாரின் இந்த ஆட்சி இல்லாவிட்டால் கணவரின் யந்திரங்களெல்லாம் கிருமி வளர்க்கவே உதவியிருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன்.

இந்தச் சுத்தத்தின் பாரமெல்லாம் கடைசியில் புட்டி கழுவுகிறவர் தலைமேல்தான் விழுந்தது. கண்ணாடியில் சோப்பு அணுவளவு தங்கினாலும் உயிரணு அதில் ஒட்டாது. ஒட்டினாலும் சுருண்டு இறந்துவிடும். ஆகையால் ஒவ்வொரு குழாயையும் ஊறவைத்து, கொதிக்கவைத்து, தூரிகையால் தேய்த்து, குழாய் நீரில் பலமுறை அலசி, பிறகு வடித்த நீரில் மீண்டும் மீண்டும் அலசி, கவிழ்த்துக் காயவைத்து, உஷ்ண அடுப்பில் வைத்துக் கிருமி நீக்கி எடுக்கவேண்டும். கை தம்பதிகளின் ஆராய்ச்சிசாலையில் இந்த வேலைக்கென்றே ஒரு பெண்மணி இருந்தார். மார்கரெட் ‘கோல்ட் டஸ்ட் ட்வின்ஸ்’ என்ற சோப்புத்தூள் ஒன்றைத் தவிர வேறெதையும் நம்பவில்லை. அத்தூள் விற்பனையிலிருந்து நின்றுவிடப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஒரு ரயில் வண்டிப் பெட்டி நிறைய வாங்கிச் சேமித்துவிட்டார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்ன கதை பதிவாகியிருக்கிறது. கிறுக்கு என்று சிரிக்கலாம். ஆனால் கழுவுகிற கையும் கழுவுகிற தூளும் மாறாமல் இருந்தால்தான், அணுக்கள் இறக்கும்போது வேறு காரணத்தைத் தேட முடியும் என்ற சாஸ்திரீயமான புத்தி அதற்குள் இருக்கிறது.

அணுக்களுக்கு உணவு தேடுவது அதற்குச் சற்றும் குறையாத வேலை. கடையில் விற்கும் ஊட்டக் கரைசல் அன்று இல்லை. ஜார்ஜ் கை தாமே கோழி அறுக்கும் இடத்துக்குப் போய், உயிருள்ள கோழியை மேஜைமேல் கிடத்தி, இதயத்தில் ஊசியைச் செலுத்தி ரத்தம் எடுத்து வருவார். அதன் பிளாஸ்மாதான் அணுக்கள் பற்றிக்கொண்டு வளரும் படுக்கை. இறைச்சிக்கூடத்திலிருந்து மாட்டின் கருவை வாங்கிவந்து அரைத்துச் சாறெடுப்பார்கள். பிரசவ வார்டில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தை வாங்கிவர ஆள் போவார். இம்மூன்றும் சேர்ந்ததுதான் ஊட்டம். ஒரு பெரிய சர்வகலாசாலையின் விஞ்ஞானம் கோழிக் கடைக்காரனையும் கசாப்புக்காரனையும் மருத்துவச்சியையும் நம்பி நடந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் மாணவர்களுக்குச் சொல்லவில்லை.

மனித உடம்பின் அணுக்களைக் கண்ணாடிக்குள் நிரந்தரமாக வளர்ப்பதே கை தம்பதிகளின் லட்சியம். வருஷக்கணக்கில் முயன்றார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் திசுக்களெல்லாம் சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டு மடிந்தன. 1951-ஆம் வருஷத் தொடக்கத்தில், கருப்பை வாயில் புற்றுநோய் கண்ட ஒரு கறுப்பின மாதின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு வந்து சேர்ந்தபோது, அதைக் கையாள வேண்டிய உதவியாளர் மேரி குபிசெக், வயது 21. அப்போது அவர் மத்தியான்னச் சாப்பாட்டில் இருந்தார். இதுவும் மற்றவை போலச் சாகத்தானே போகிறது என்ற எண்ணத்தில், சாண்ட்விச்சை முடித்துவிட்டே எழுந்தார் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். பல தடவை தோல்வியைக் கண்ட பணியாளரின் அந்த நிதானத்தை நான் அலட்சியம் என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் எழுந்தபிறகு அவர் ஒரு நியமத்தையும் விடவில்லை. கையலம்பி, புதிய அங்கியும் முகமூடியும் அணிந்து, துணுக்கை மில்லிமீட்டர் அளவுள்ள சதுரங்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பிப்பெட்டால் உறிஞ்சி, குழாயின் அடியில் உறைந்திருந்த கோழிப் பிளாஸ்மாவின்மேல் இறக்கி, ஊட்டம் சேர்த்து, ரப்பர் தக்கையால் மூடினார். பிறகு அங்கே வழக்கப்படி நோயாளியின் பெயரிலும் குடும்பப் பெயரிலும் முதல் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘ஹீலா’ என்று ஒவ்வொரு குழாயின்மேலும் எழுதினார்.

நோயாளியின் பெயர் ஹென்ரியெட்டா லாக்ஸ். ஐந்து குழந்தைகளின் தாய். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் கிடந்த அவரிடம் அத்துணுக்கை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை; அக்காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை. குழாய்களில் அவருடைய அணுக்கள் ஒவ்வொரு நாளும் இரட்டிப்பாயின. மேரி குபிசெக் குழாயைப் பிரித்து இரண்டாக்கினால் மறுநாள் இரண்டும் நிரம்பியிருந்தன, நான்காக்கினால் நான்கும். அதே வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி தமது 31-ஆம் வயதில் ஹென்ரியெட்டா இறந்தார். பிரேத பரிசோதனையின்போது மேலும் திசு எடுத்துவர மேரி குபிசெக்கே அனுப்பப்பட்டார். முகத்தைப் பார்க்கத் துணியாமல் கண்ணை வேறு பக்கம் திருப்பியபோது, இறந்தவளின் கால்விரல் நகங்களில் பூசியிருந்த சிவப்புச் சாயம் ஆங்காங்கே உதிர்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. அதுவரையில் குழாய்க்குள் வளர்ந்துகொண்டிருந்தது ஒரு மனுஷியிடமிருந்து வந்தது என்ற நினைவே தமக்குத் தோன்றியதில்லை என்று அவர் சொன்னார். சீட்டு எழுதிய அதே பெண்ணுக்குத்தான் அந்த நினைவு முதலில் வந்தது. குடும்பத்தாருக்கோ விஷயம் தெரிய இருபது வருஷங்களுக்குமேல் ஆயின.

ஜார்ஜ் கை அந்த அணுக்களை விற்கவில்லை. உரிமைப் பத்திரமும் வாங்கவில்லை. கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். குழாய் குளிர்ந்துபோகாமலிருக்க, விமான ஓட்டிகள் சிலர் அதைச் சட்டைப் பையில் வைத்து எடுத்துச் சென்றதும் உண்டு. ஆனால் 1952-இல் தேவை அவருடைய கைக்கு மீறிவிட்டது. இளம்பிள்ளை வாதத்துக்கு ஜோனஸ் ஸால்க் கண்ட தடுப்பு மருந்தைப் பெரும் அளவில் சோதிப்பதென்று தீர்மானமாயிற்று. ஊசி போட்ட குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க, வைரஸையும் ரத்த நீரையும் உயிருள்ள அணுக்களின்மேல் சேர்த்து, அணு பிழைக்கிறதா இறக்கிறதா என்று கவனிக்கவேண்டும். அதுவரையில் அதற்குக் குரங்கின் அணுக்களே உதவின. அந்தக் குரங்குகளில் பெரும்பாலானவை நம் இந்தியாவிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டவை. லட்சக்கணக்கான பரிசோதனைக்கு அது கட்டுப்படியாகாது. ஹீலா அணுக்கள் வைரஸுக்குச் சுலபமாக இரையாகும் என்று மின்னசோட்டா சர்வகலாசாலையில் வில்லியம் ஷெரர், ஜெரோம் சிவர்டன் ஆகியோர் ஜார்ஜ் கையோடு சேர்ந்து காட்டியவுடன், அவற்றை மொத்தமாக உற்பத்தி செய்ய ஓர் இடம் தேடப்பட்டது.

கிடைத்த இடம் அலபாமா மாகாணத்து டஸ்கெகி கழகம். கறுப்பின மக்களுக்காக 1881-இல் நிறுவப்பட்டுப் புக்கர் வாஷிங்டன் வளர்த்த கல்விச்சாலை அது, இப்போது சர்வகலாசாலை. போலியோ நிதியத்தில் கறுப்பர்கள் சம்பந்தமான பணிகளைக் கவனித்த சார்லஸ் பைனம் என்பவர், அங்குள்ள வாலிபர்களுக்கு இதனால் விஞ்ஞானப் பயிற்சியும் உத்தியோகமும் கிடைக்கும் என்று வாதாடி அவ்விடத்தைப் பெற்றுத் தந்தார். ரஸ்ஸல் பிரவுன், ஜேம்ஸ் ஹெண்டர்ஸன் என்ற இரு விஞ்ஞானிகள் மின்னசோட்டாவுக்குப் போய் வித்தையைக் கற்றுவந்தார்கள். ஹெண்டர்ஸன் தாவர சாஸ்திரி. இந்த வேலைக்கென்று பிறந்தவர் யாரும் அன்று எங்கேயும் இல்லாதபடியால் அது குறையாகத் தோன்றவில்லை.

சில பேரோடு தொடங்கிய அம்மையத்தில் வேலை மும்முரமானபோது 35 பேர் இருந்தார்கள். விஞ்ஞானிகளும் உதவியாளர்களும் கறுப்பினத்தவர், அவர்களில் பலர் பெண்கள். ஒரு பக்கம் கழுவல், ஒரு பக்கம் கரைசல் கலக்கல், ஒரு பக்கம் ஊற்றல், ஒரு பக்கம் நுண்ணோக்கியில் பரிசோதனை, கடைசியில் பொட்டலம் கட்டி அனுப்பல் என்று, கை தம்பதிகளின் குடும்ப மேஜையில் நடந்த தொழில் இங்கே ஆலை வேலையாயிற்று. வாரத்துக்கு 20,000 குழாய்கள் வரையில் வெளியேறின. 1955-இல் வேலை முடியும்போது நாட்டிலுள்ள ஆராய்ச்சிசாலைகளுக்கு ஏறத்தாழ 6,00,000 குழாய்கள் போயிருந்தன. தெற்கத்தி வெயிலில் வழியிலேயே அணுக்கள் இறந்துவிடாதபடி அவற்றை அனுப்புவது எப்படி என்பதே அவர்களுக்குப் பெரிய சாஸ்திரப் பிரச்சினையாக இருந்தது. தபாலில் உயிரை அனுப்பும் கலையைப் பின்னால் வந்தவர்கள் கற்றதில் டஸ்கெகிக்குக் கணிசமான பங்கு உண்டு. 1954-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் கலந்துகொண்ட அச்சோதனை, மறு வருஷம் ஏப்ரல் 12-ஆம் தேதி வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. தேவாலய மணிகள் ஒலித்தன. ஸால்க் வீரராகக் கொண்டாடப்பட்டார். டஸ்கெகியின் பெயர் அன்றைய ஆரவாரத்தில் பெரிதாகக் கேட்கவில்லை.

அதே டஸ்கெகியைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான், 1932 முதல் 1972 வரையில், மேகநோய் கண்ட நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சையளிக்காமலே நோயின் போக்கை மட்டும் அமெரிக்க அரசாங்க சுகாதார இலாகா கவனித்துவந்தது. ஒரே ஊர், ஒரே காலம்: ஒரு பக்கம் ஒரு கறுப்பின மாதின் அணுக்களைக் கறுப்பினப் பெண்கள் ஊட்டி வளர்த்து எல்லாருடைய குழந்தைகளையும் காப்பாற்ற உதவினார்கள், இன்னொரு பக்கம் அவர்களுடைய அண்டைவீட்டுக்காரர்கள் வைத்தியமில்லாமல் மடிந்துகொண்டிருந்தார்கள். இதற்கு விளக்கவுரை எழுத எனக்கு விருப்பமில்லை. பிரவுனும் ஹெண்டர்ஸனும் தங்கள் மையத்தின் வரலாற்றைத் தாங்களே எழுதி 1983-இல் வெளியிட்டார்கள். அதற்குள் வேலை முடிந்து ஏறத்தாழ முப்பது வருஷங்கள் ஓடிவிட்டன.

டஸ்கெகிக்குப் பின் இத்தொழில் வேகமாக உருமாறியது. ஹாரி ஈகிள் என்பவர் உயிரணுவுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், உப்புகள் எவை என்று 1955-இல் வரையறுத்து, சிறிது சீரம் தவிர மற்ற யாவும் ரசாயனப் பொருளாகவே கலந்துகொள்ளலாம் என்று காட்டியதும், கோழிக் கடைக்குப் போகும் வேலை ஒழிந்தது. உறையும்போது உயிரணு சாகாதபடி கிளிசரால் காக்கும் என்று 1949-இலேயே இங்கிலாந்தில் கண்டிருந்தார்கள்; அது பரவியபிறகு வேண்டாத காலத்தில் அணுக்களை உறையவைத்துவிட்டு உதவியாளர்கள் வீட்டுக்குப் போக முடிந்தது. 1960-களில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டுகளும் புட்டிகளும் வந்து, கழுவும் பெண்மணிக்கும் விடை கொடுத்தன.

வாயால் பிப்பெட்டை உறிஞ்சும் வழக்கம் மட்டும் இன்னும் சற்று நீடித்தது. கிருமி, வைரஸ், அமிலம் எதுவானாலும் கண்ணாடிக் குழலின் ஒரு நுனியைத் திரவத்திலும் மறு நுனியை உதட்டிலும் வைத்து இழுத்து, கோடு வரையில் ஏறியதும் நாக்கால் அடைக்கவேண்டும். நடுவில் ஒரு பஞ்சுத் துண்டுதான் காவல். எத்தனை உதவியாளர்கள் இதனால் நோயுற்றார்கள் என்பதை விஞ்ஞானம் தன் பெருமைகளோடு சேர்த்து எழுதுவதில்லை. ஜெர்மனியில் மார்புர்க் நகரத்தில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இந்தத் தொல்லை பொறுக்காமல், கட்டைவிரலால் அழுத்தினால் குறித்த அளவு திரவத்தை இழுத்துவிடும் ஒரு கருவியை 1957-இல் செய்தார். அது வியாபாரத்துக்கு வந்து, பிறகு அளவை மாற்றிக்கொள்ளும் வசதியும் பெற்று, இன்று சென்னையிலும் மதுரையிலும் கல்லூரி மாணவர் கையிலிருக்கும் பிப்பெட்டாக ஆகியிருக்கிறது.

வேலை சுலபமாக ஆக ஆக, பழைய நியமங்களும் தளர்ந்தன. கிருமி எதிர்ப்பு மருந்தைக் கரைசலில் கலந்துவிட்டபின் மார்கரெட் கை விதித்த ஆசாரங்கள் அளவுக்கு மீறியவையாகத் தோன்றின. 1966 செப்டம்பரில் பென்ஸில்வேனியாவின் பெட்ஃபோர்டில் கூடிய மாநாட்டில் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் நிபுணர், வெவ்வேறு மனிதர்களின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்தவையென்று நம்பப்பட்ட 18 அணு வகைகளைச் சோதித்ததாகவும், அத்தனையிலும் ஏறக்குறைய ஆப்பிரிக்க வமிசத்தாரிடம் மட்டுமே காணப்படும் ஒரே நொதி வகை இருந்ததாகவும் அறிவித்தார். எல்லாம் ஹீலா அணுக்களே என்பது அதன் பொருள். ஈரல், குடல் என்று எண்ணிப் பல ஆராய்ச்சிசாலைகள் வருஷக்கணக்காகப் பரிசோதித்துக்கொண்டிருந்தது ஹென்ரியெட்டா லாக்ஸின் கட்டியை. 1974-இல் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் நெல்ஸன்-ரீஸ் மேலும் பல பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டபோது எழுந்த சினம் சாமானியமானதல்ல.

கலப்படம் நேர்ந்த வழி மிகச் சிறியது. ஒரே பிப்பெட்டை இரண்டு புட்டிகளில் தோய்ப்பது, இரண்டு வகை அணுக்களுக்கு ஒரே ஊட்டப் புட்டியிலிருந்து ஊற்றுவது, மூடியை மாற்றி வைப்பது, பிப்பெட்டை வேகமாக ஊதும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத துளி பக்கத்துத் தட்டில் விழுவது: இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வேகமாக வளரும் ஹீலா மற்றதைச் சில வாரங்களில் மூடிவிடும். பேராசிரியர்கள் மாநாட்டில் ஒருவரையொருவர் சாடிக்கொண்டார்கள். எந்தப் பிப்பெட் எந்தப் புட்டிக்குப் போயிற்று என்று அறிந்திருக்கக்கூடிய உதவியாளர்களை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. அதன்பிறகு ஏற்பட்ட விதிகள்தான் இன்றும் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கோ பையனுக்கோ முதல் நாளே சொல்லித்தரப்படுகின்றன: ஒரு சமயத்தில் ஒரே வகை அணுவை மட்டும் மேஜைமேல் எடு, ஒவ்வொரு வகைக்கும் தனிப் புட்டி ஊட்டம் வைத்துக்கொள், நடுவில் மேஜையைத் துடை, ஹீலாவைக் கடைசியில் எடு.